கடிகாரம் சரியாக ஓடிய அறை

காலையில் கொட்டகையில் அந்த மோட்டார் சைக்கிள் உறுமும்போதெல்லாம், அரைத்தூக்கத்தில் இருக்கும் கொழுந்தனுக்கு ஒரு கணம் உலகம் சரியாக இருக்கும். அண்ணன் வேலைக்குக் கிளம்புகிறான். நாம் இன்னும் கொஞ்சம் புரண்டு படுக்கலாம். அடுத்த கணம் புத்தி வந்துவிடும். அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. வண்டியைக் கிளப்புவது அண்ணி.

அண்ணி அதை ஓட்ட மாட்டாள். யாரையும் ஓட்ட விடவும் மாட்டாள். ஸ்டாண்டில் நிறுத்தியபடியே உதைத்துக் கிளப்புவாள், இஞ்சின் சூடாகும் வரை பக்கத்தில் நிற்பாள், மீட்டர் கண்ணாடியை ஒரு துணியால் துடைப்பாள், அணைத்துவிடுவாள். "பேட்டரி இறங்கிடும்" என்பது அவள் சொல்லும் காரணம். கொழுந்தன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பேட்டரியைப் பற்றி அவனுக்கே பாடம்! "ஓட்டாத வண்டிக்கு பேட்டரி எதுக்கு அண்ணி?" என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை. வீட்டில் நல்ல வண்டி நிற்க, கடைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற மகாராஜன் என்று தெருவில் அவனைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது.

அன்றைக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். தோளில் கம்ப்யூட்டர் பை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. அண்ணி மீட்டரைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"இன்ஷூரன்ஸ் கம்பெனியில பொய்க் கேஸையெல்லாம் கண்டுபிடிச்சவங்க நீங்கதானே?"

"கண்டுபிடிச்சவதான். இப்ப தனியாப் பண்றேன். உள்ள வாங்க."

துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கொழுந்தன் பல் துலக்கினானோ இல்லையோ, கூடத்தில் ஆஜராகிவிடுவான். அன்றும் அப்படித்தான். கடையைத் திறக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வந்தவள் குடிநீர் விநியோக அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். "என்னை அங்க ஒட்டுக்காரம்மான்னு கூப்பிடுவாங்க. கிண்டலா ஆரம்பிச்சாங்க, இப்ப அதான் பேரு" என்றாள். "கம்ப்யூட்டருக்குள்ள அடிப்படையா ஓடுற மென்பொருள் ஒரே துண்டு இல்லைங்க. நூத்துக்கணக்கான சின்னச் சின்ன பொதிகளைச் சேர்த்துக் கட்டினதுதான். ஒரு பொதி எழுத்தைத் திரையில காட்டும், இன்னொண்ணு வெளியிலேர்ந்து வர்ற அழைப்புக்குப் பதில் சொல்லும். ஏதாவது ஒண்ணுல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சா, அதைச் செஞ்சவங்க திருத்தின பொதியை அனுப்புவாங்க. அதை வாங்கி எங்க மிஷின் எல்லாத்துலயும் போடறது என் வேலை. அதான் ஒட்டு."

"ஓட்டையை அடைக்கலைன்னா?" என்றான் கொழுந்தன்.

"யாரோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்துக்கிட்டு எங்க வால்வைத் திறப்பான், மூடுவான். ஊர் முழுக்க குடிக்கிற தண்ணி சார் அது."

சிக்கல் எட்டாம் நம்பர் மிஷினில். வெளி அழைப்புக்குப் பதில் சொல்லும் பொதியில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, திருத்திய பதிப்பு வந்து, ஒட்டுக்காரம்மா எல்லா மிஷினிலும் போட்டுவிட்டாள். எட்டாம் நம்பரிலும் போட்டாள். அவளுடைய பட்டியல் புதுப் பதிப்பு ஏறிவிட்டது என்கிறது. ஆனால் வெளியிலிருந்து சோதித்துப் பார்க்கும் நிறுவனமோ, எட்டாம் நம்பர் இன்னும் பழைய பதிப்பின் குரலில்தான் பேசுகிறது, ஓட்டை அப்படியே இருக்கிறது என்கிறது. அவள் மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே பதில்.

"நான் போடாமலே போட்டதா சொல்றேன்னு மேலாளர் முடிவு பண்ணிட்டார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும், இல்லைன்னா கிளம்புன்னுட்டார். வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். பொய் சொன்னவங்கிற பேரோட எங்க போய் நிக்கிறது?" அவள் குரல் உடைந்தது.

கொழுந்தனுக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான் தெரியும். அவன் கடையில் எந்த போன் வந்தாலும் முதலில் கேட்பது அதுதான். "ஒட்டுப் போட்டதுக்கு அப்புறம் மிஷினை அணைச்சுப் போட்டீங்களா?"

அழுத முகத்தோடேயே அவள் சிரித்துவிட்டாள். "நீங்க சரியான ஆளுதான். புதுப் பொதி வந்தாலும், ஏற்கெனவே ஓடிட்டிருக்கிறது பழசுதான். அணைச்சுப் போட்டாத்தான் புதுசு எழுந்து உக்காரும். ஆனா வால்வு இருக்கிற மிஷினை நான் தூரத்துலேர்ந்து அணைக்கக் கூடாது, உள்ள நுழைஞ்சு பாக்கவும் கூடாது. முன்னாடி ஒருதடவை யாரோ அப்படிப் பண்ணி ஊருக்கே தண்ணி நின்னுபோச்சு. அதுலேர்ந்து எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். அந்தந்த அறையில இருக்கிறவங்கதான் பம்ப் ஓடாத நேரமாப் பாத்து, கையால அணைச்சு, கையால போடணும்."

"எட்டாம் நம்பர் யார் அறை?" என்றாள் அண்ணி.

"வரைபடக்காரி. குழாய் வரைபடமெல்லாம் போடறவங்க. என் சினேகிதி. ஃபோன்ல அவங்களை அணைக்கச் சொல்லிட்டு, கண்ணாடிக் கதவு வழியா நானே பாத்தேன். திரை அணைஞ்சுது, திரும்ப எரிஞ்சுது."

"எரிய எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நான் ஃபோன்ல 'சரி, வெச்சுடறேன்'னு சொல்றதுக்குள்ள வந்துடுச்சு. அவ்வளவு பழைய மிஷின், பரவாயில்லையேன்னு நினைச்சேன். சரி, அதை விடுங்க. போன வாரம் கட்டடம் முழுக்க ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. எல்லா மிஷினும் செத்து எழுந்துது. மறுநாள் சோதனையில எட்டாம் நம்பர் மட்டும் மறுபடியும் பழைய குரல். அணைச்சுப் போடாததுதான் காரணம்னா, கரண்ட் போனப்பவே சரியாகியிருக்கணும், இல்லையா?"

 கொழுந்தனுடைய ஒரே அஸ்திரமும் பறிபோய்விட்டது. அண்ணி மட்டும் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலாம்" என்றாள்.

"எதுல அண்ணி?" என்றான் கொழுந்தன், கொட்டகையைப் பார்த்து.

"பஸ்லதான்."

அலுவலகம் இரண்டு மாடிக் கட்டடம். சுவரில் ஈரத்தின் வரைபடங்கள். ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் இடத்தில் கூரை ஒழுகுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மேலாளர் நறுக்கென்று பேசும் மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் தலைக்கு மேல் இருந்த மின்சாரக் கடிகாரம் பத்தரை காட்டியது. கொழுந்தனின் போனில் பதினொன்றரை.

"கரண்ட்ல ஓடுற கடிகாரம்" என்றார் மேலாளர், அவன் பார்வையைக் கவனித்து. "ஒவ்வொரு அறையிலயும் ஒண்ணு இருக்கு. போன வாரம் கரண்ட் போனப்போ நின்னுது, வந்தப்போ விட்ட இடத்துலேர்ந்து ஓட ஆரம்பிச்சுது. ஏணி போட்டுச் சரிபண்ண ஆள் இல்லை. இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் ஆயுசு ஒரு மணி நேரம் கூட."

"எட்டாம் நம்பர் ஓட்டையில யாருக்காவது லாபம் இருக்கா?" என்று அண்ணி கேட்டாள்.

"லாபம் யாருக்கும் இல்லை. சோம்பேறித்தனம்தான். அந்தப் பொண்ணு போட்டேங்கிறா, போடலை. இதுல துப்பறிய என்ன இருக்கு?" அவர் சொன்ன விதத்தில் வன்மம் இல்லை, ஏமாந்துபோன மனிதரின் கடுப்புதான் இருந்தது. ஒட்டுக்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வராந்தாவில் எலக்ட்ரீஷியன் எதிர்ப்பட்டார். பருத்த உடம்பு, பைநிறைய ஸ்குரூ டிரைவர். கரண்ட் போன அன்று நடந்ததை அவரும் அப்படியே சொன்னார். "எந்த அறையிலயும் ஒரு பல்பு எரியலைம்மா. நான் டார்ச்சை வெச்சுக்கிட்டு அலைஞ்சேன்." சொல்லிவிட்டு, கேட்காமலேயே, "பேட்டரி கீட்டரி எதுவும் ஆபீஸ்ல கிடையாது, எல்லாம் வாங்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

கொழுந்தன் அண்ணியின் காதில் ரகசியமாகச் சொன்னான். "ஆள் முழிக்கிற முழியைப் பாத்தீங்களா? இவன்தான். இல்லைன்னா மேலாளர். எட்டாம் நம்பரை அவரே விட்டுவெச்சு, இந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டு..."

"பழி போட்டு?"

"அதுக்கு மேல இன்னும் யோசிக்கலை அண்ணி."

"யோசிச்சுட்டுச் சொல்லு."

வரைபடக்காரியின் அறை வராந்தாவின் கோடியில். நாற்பதைத் தாண்டிய, சின்ன உருவமான பெண். விரல் நுனியெல்லாம் மை. ஒட்டுக்காரம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, சாயங்காலம் வரைக்கும்தான்னு சொல்றாங்களே? என்கிட்ட ஏன் சொல்லலை?" அந்தக் கலக்கம் உண்மையானது என்று கொழுந்தனுக்குப் பட்டது.

அறை முழுக்க வரைபடச் சுருள்கள். அவள் வேலை பார்க்கும் மிஷின் ஜன்னல் பக்கம். எட்டாம் நம்பர் எதிர்மூலையில், சுவரை ஒட்டி. திரையில் நீலக் கோடுகளாகக் குழாய்கள். அதன் முன்னால் ஒரு நாற்காலி, உயரமான ஆளுக்கு ஏற்ற மாதிரி தூக்கி வைக்கப்பட்டு, தூசி படாமல் ஒரு துணி போர்த்தியிருந்தது. அதற்கு மேலே சுவரில் ஆணியடித்து ஒரு நீண்ட இரும்புக் கம்பி. ஒரு முனை கூர், மறுமுனையில் மரக்குமிழ்.

"இது என்ன?" என்றான் கொழுந்தன்.

"கசிவு கேக்கிற கம்பி" என்றாள் ஒட்டுக்காரம்மா. "கூர் முனையைத் தரையில ஊன்றி, குமிழைக் காதுல வெச்சா, பூமிக்குள்ள குழாய் எங்க கசியுதுன்னு கேக்கும். எங்களுக்கெல்லாம் ஒண்ணும் கேக்காது. அவருக்குக் கேக்கும். அதனாலதான் அவரை எல்லாரும் காதுன்னே கூப்பிட்டோம். இந்த அறையிலதான் இருந்தார். மூணு வருஷம் முன்னாடி, மழையில, பெரிய குழாய் வெடிச்சுதுன்னு போனார். பள்ளத்துல இறங்கினவர் மேல மண் சரிஞ்சுடுச்சு."

வரைபடக்காரி ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ ஒரு சுருளைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அண்ணி எட்டாம் நம்பருக்கு அருகில் குனிந்து பார்த்தாள். கொழுந்தனும் குனிந்தான். அவன் கண்ணுக்குப் பட்டது இதுதான். திரையின் ஓரத்தில் இருந்த சின்னப் பட்டன் விரல்பட்டு விரல்பட்டு பளபளத்தது. கீழே பெட்டியின் பெரிய பட்டனைச் சுற்றி விரல்நகம் அளவுக்குத் தூசி. பெட்டிக்குள் விசிறி சன்னமாக முனகிக்கொண்டே இருந்தது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. போனை எடுத்துப் பார்த்தான். அதுவும் அதே நேரம். 'அதானே, வயிறு சரியாத்தான் கூப்பிடுது' என்று நினைத்துக்கொண்டான்.

அண்ணி நிமிர்ந்தாள். முகத்தில் ஏதோ மாறியிருந்தது. ஒரு கேஸ் பிடிபட்டால் அவளுக்கு வரும் அந்த லேசான குறும்பு இம்முறை வரவில்லை.

"மேலாளரையும் எலக்ட்ரீஷியனையும் இங்க வரச் சொல்லுங்க" என்றாள். "இந்த அறைக்கே."

எல்லோரும் வந்து நின்றார்கள். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் கதவோரமாக, எப்போது வேண்டுமானாலும் நழுவுகிற தோரணையில் நின்றார். வரைபடக்காரி ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒட்டுக்காரம்மா கம்ப்யூட்டர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அண்ணி. "இந்தப் பொண்ணு பொய் சொல்லலை. ஒட்டுப் போட்டிருக்கா. சோதனை பண்றவங்களும் பொய் சொல்லலை. ரெண்டும் நிஜம்."

"ரெண்டும் எப்படி நிஜமாகும்?" என்றார் மேலாளர்.

"புது ஆளை வேலைக்கு எடுத்தாச்சு. அவன் வாசல்ல உக்காந்திருக்கான். ஆனா பழைய ஆள் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பட்டியல்ல பாத்தா புது ஆள் பேர் இருக்கும். கதவைத் தட்டினா பதில் சொல்றது பழைய ஆள். அவ்வளவுதான். இந்த மிஷின் அணையவே இல்லை."

"ஆனா நான் பாத்தேனே" என்றாள் ஒட்டுக்காரம்மா.

"திரை அணைஞ்சதைப் பாத்தீங்க. திரைக்கு ஒரு பட்டன், பெட்டிக்கு ஒரு பட்டன். திரையோடது தேய்ஞ்சு மின்னுது. பெட்டியோடதுல தூசி ஒட்டடை மாதிரி இருக்கு. யாரும் தொட்டு வருஷக்கணக்காச்சு. நீங்க ஃபோனை வைக்கிறதுக்குள்ள திரும்ப எரிஞ்சுதுன்னீங்க. இவ்வளவு பழைய மிஷின் எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகும்? தம்பி, நீ சொல்லு."

"டீ குடிச்சுட்டு வந்துடலாம் அண்ணி" என்றான் கொழுந்தன். இதை ஏன் காலையிலேயே யோசிக்கவில்லை என்று அவனுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"சரி, கரண்ட் போனதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் மேலாளர். "அன்னிக்குக் கட்டடமே இருட்டு."

"விளக்கு எரியலை. ஆனா கடிகாரத்தைப் பாருங்க."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். மேலாளர் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். வராந்தாவுக்கு எட்டிப் பார்த்தார். அங்கே இருந்த கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இது மட்டும்..." என்றார்.

"இது மட்டும் நிக்கவே இல்லை. ஏணி போட ஆள் இல்லைன்னு நீங்களே சொன்னீங்க, அப்ப யாரும் திருத்தவும் இல்லை. இந்தச் சுவருக்கு மட்டும் அன்னிக்கு கரண்ட் வந்துக்கிட்டே இருந்திருக்கு. இந்த அலமாரிக்குப் பின்னாடி ஒரு பேட்டரி இருக்கும்னு நினைக்கிறேன்."

கொழுந்தன் யாரும் சொல்வதற்கு முன்பே அலமாரியை நகர்த்தினான். இருந்தது. எலக்ட்ரீஷியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சுவர்ல கடிகாரத்துக்கும் மிஷினுக்கும் ஒரே லைன்தாம்மா" என்றார் பரிதாபமாக. "கேட்டாங்க, மாட்டிக் கொடுத்தேன். ஏன்னு நான் கேக்கலை. கேக்கத் தோணலை."

"யார் கேட்டாங்கன்னு நான் சொல்லப் போறதில்லை" என்றாள் அண்ணி. "அவங்களே சொன்னா நல்லது. இல்லைன்னா சாயங்காலம் இந்தப் பொண்ணு பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டு வெளியில போவா."

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "நான்தான்."

ஒட்டுக்காரம்மா திரும்பினாள். "நீயா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி" என்றாள் வரைபடக்காரி. "ஒட்டுப் போட்டாச்சுன்னு உன் பட்டியல்ல வந்துடுதே, அப்புறம் அணைக்கிறதெல்லாம் சும்மா சாங்கியம்னு நினைச்சேன். அணைக்காததால உனக்கு ஒரு கெடுதல் வரும்னு தெரிஞ்சிருந்தா..." 

"ஆனா ஏன் அணைக்கலை?" என்றார் மேலாளர். குரலில் பழைய வேகம் இல்லை.

அவள் எட்டாம் நம்பருக்கு வந்தாள். நாற்காலியில் உட்காராமல், நின்றபடி குனிந்து, குழாய் வரைபடத்தை ஒதுக்கினாள். அதற்கு அடியில் திரையிலேயே இன்னொரு பக்கம் திறந்திருந்தது. மேலே, உள்ளே இருப்பவர் என்ற இடத்தில், காதின் பெயர். கீழே ஒரு கசிவு அறிக்கை, பாதியில்.

'பெரிய தொட்டிக்குப் பின்புறம் கசிவுச் சத்தம் கேட்கிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளைக் காலை வரைபடக்காரியையும் அழைத்துக்கொண்டு போய்'

அவ்வளவுதான். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது, எழுதுகிறவர் அடுத்த சொல்லை யோசித்துக்கொண்டிருப்பது போல.

"அப்பத்தான் ஃபோன் வந்துது, குழாய் வெடிச்சுதுன்னு" என்றாள். "மழைக்கோட்டை மாட்டிக்கிட்டே, 'வந்து முடிக்கிறேன், அணைச்சுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனார். என்கிட்ட அவர் கடைசியாச் சொன்னது அதுதான். அந்தக் கசிவை அடுத்த வாரமே வேற ஆளுங்க அடைச்சுட்டாங்க. இதை மட்டும் நான் அணைக்கலை."

"ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாமே அக்கா" என்றான் கொழுந்தன் மெதுவாக. "இல்லைன்னா சேமிச்சு வெச்சுட்டு..."

"போட்டோவுல இந்தக் கோடு மினுக்காதே தம்பி. சேமிச்சா இது முடிஞ்சுபோன ரிப்போர்ட். இப்ப முடியலை. அவர் இன்னும் உள்ள இருக்கார். பாருங்க, பேர் போட்டிருக்கு." அவள் அண்ணியைப் பார்த்துப் பேசினாள், அந்த அறையில் தன்னைப் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்பது போல. "துக்கத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல்ல ஒருத்தர், 'நீங்க என்ன முறை வேணும்'னு கேட்டார். என்ன சொல்றது? ஒரே அறையில இத்தனை வருஷம் உக்காந்திருந்தோம். சாப்பாட்டைப் பங்கு போட்டோம். அவரும் எதுவும் கேக்கலை, நானும் எதுவும் சொல்லலை. கேப்பார், கேப்பார்னு இருந்தேன். 'கூட வேலை பாக்கறவ'ன்னு சொல்லிட்டு, ஒரு மூலையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்து வந்துட்டேன். அழறதுக்குக்கூட ஒரு முறை வேணும் போலிருக்கு. அது எனக்கு இல்லை. நாளைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு எழுதியிருக்காரே, போய் என்ன பண்ணணும்னு நினைச்சிருப்பார்னு தினமும் இதைப் பாத்து யோசிப்பேன். வேற ஒண்ணும் இல்லை என்கிட்ட."

 விசிறி முனகிக்கொண்டிருந்தது. மேலாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

அண்ணி அவள் பக்கத்தில் போய் நின்றாள். "அவர் கசிவைக் கண்டுபிடிக்கிறவர்" என்றாள். "யாருக்கும் கேக்காததெல்லாம் அவருக்குக் கேக்கும்னு சொன்னாங்க. அவர் பேரைச் சொல்லி ஒரு ஓட்டை இத்தனை நாள் திறந்து கிடக்கு. அவருக்குத் தெரிஞ்சா தாங்குவாரா?"

வரைபடக்காரி வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, முதல்முறையாக அதில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை.

"நான் முடிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் அண்ணி.

விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.  ஏதாவது ஒரு சொல் வந்துவிடும் என்று கொழுந்தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. அப்படியே, பாதியாகவே, அதைச் சேமித்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, குனிந்து, தூசி படிந்த அந்தப் பெரிய பட்டனை அழுத்தினாள்.

திரை இருண்டது. விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது. மூன்று வருடமாக நிற்காத அந்தச் சத்தம் நின்றதும் அறை இவ்வளவு பெரியதா என்று தோன்றியது. விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்துக்கொண்டே அவள் அழ ஆரம்பித்தாள். ஒட்டுக்காரம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அழு. யார் வந்து என்ன முறைன்னு கேக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்" என்றாள், அவளும் அழுதுகொண்டே.

மேலாளர் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அதற்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். வராந்தாவில் போன யாரையோ, சத்தம் போடாமல் நடக்கத் தெரியாதா என்று சத்தம் போட்டார்.

மிஷின் எழுந்து வர, கொழுந்தன் சொன்னபடியே, ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. உள்ளே இருப்பவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. சோதனை நிறுவனத்துக்குப் பேசினார்கள். எட்டாம் நம்பர் புதுக் குரலில் பேசுகிறது, ஓட்டை இல்லை என்று பதில் வந்தது. மேலாளர் ஒட்டுக்காரம்மாவின் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எனக்கு எல்லாமே ஒரு மணி நேரம் லேட்டாத்தான் புரியும். மன்னிச்சுக்கம்மா" என்றார். வரைபடக்காரியைப் பற்றி அவர் மேலே எதுவும் எழுதி அனுப்பவில்லை. பேட்டரி மட்டும் அவர் அறைக்குப் போனது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கொழுந்தன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது அண்ணி? கடிகாரத்தைப் பாத்தா?"

"கடிகாரம் அப்புறம்தான். அந்த நாற்காலியைப் பாத்தப்போ. ஆள் வரமாட்டார்னு நினைச்சா, அவர் நாற்காலிக்கு யாராவது துணி போர்த்துவாங்களா?" ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.  அண்ணன் இருந்திருந்தால் இந்தக் கதையை அவனுக்கு எப்படியெல்லாம் அளந்திருக்கலாம் என்று கொழுந்தனுக்குத் தோன்றியது. கண்ணில் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கொட்டகையில் சத்தம் கேட்டது. உதை, உறுமல். அரைத்தூக்கத்தில் வழக்கமான அந்த ஒரு கணம் வந்தது, போனது. ஆனால் இஞ்சின் அணையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கொழுந்தன் எழுந்து வெளியே வந்தான்.

வண்டி ஸ்டாண்டிலிருந்து இறக்கப்பட்டு, வாசலைப் பார்த்து நின்றது. அண்ணி பக்கத்தில் நின்றாள். கையில் துணி இல்லை.

"கடைக்கு நேரமாகலையா?" என்றாள். "எடு. என்னைக் கடைத்தெருவுல இறக்கி விட்டுட்டுப் போ."

அவன் ஏறி உட்கார்ந்தான். அண்ணி பின்னால் உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டி, தெருமுனையைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தார்கள். தோளில் இருந்த கை சட்டென்று இறுகியது. கண்ணாடியில் பார்த்தான். அண்ணி சாலையைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து பார்த்தான். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களில் கடைசி எண் அசைந்து, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. தினமும் அவள் துடைத்தது எதை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அண்ணன் கடைசியாக வண்டியை நிறுத்தியபோது இருந்த எண் அது.

அவன் கை தானாக பிரேக்கைத் தேடியது.

"நிறுத்தாதே தம்பி" என்றாள் அண்ணி. "ஓட்டு."